ஒரு லீக் சீசனைக் குறிப்பேட்டில் படிப்பது எப்படி: 2018-19 ஐ-லீக்கை முன்வைத்து

கால்பந்து லீக் ஒன்று முடிந்த பிறகு நம் கையில் மிஞ்சுவது ஒரு புள்ளிப்பட்டியல்தான். இந்தியாவின் தேசியக் கால்பந்து லீக்குகளுள் ஒன்றான ஐ-லீக்கின் 2018-19 இறுதிப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், சென்னை சிட்டி 43 புள்ளிகளுடன் முதலிடத்திலும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் இரண்டாமிடத்திலும் இருக்கின்றன. அக்டோபர் இறுதியில் தொடங்கி மார்ச் வரை நடந்த ஒரு தொடர் முழுவதும் அந்த ஒரு புள்ளி வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் புள்ளி எந்த ஊரில், எந்த ஆட்டத்தில், யாரிடமிருந்து வந்தது என்பதைப் பட்டியல் சொல்லாது. அதை நாமே தேடிக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு ஒரு நோட்டும் பேனாவும், வாரம் ஒருமுறை அரை மணி நேரமும் போதும். நடந்துகொண்டிருக்கும் சீசனுக்கும் இந்த வழி பொருந்தும், முடிந்துபோன சீசனை மீண்டும் படிக்கவும் பொருந்தும். முதன்முறை பழகுகிறவர்கள் முடிந்த சீசன் ஒன்றிலிருந்து தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன். முடிவு தெரிந்திருந்தால், நாம் போடும் கணக்கு சரிதானா என்று உடனே சரிபார்த்துக்கொள்ளலாம்.

2018-19 சீசனை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு அணி ஒன்று முதன்முறையாக ஐ-லீக் பட்டத்தை வென்ற சீசன் அது. பெயரில் சென்னை இருந்தாலும், அணி தன் சொந்த ஆட்டங்களைக் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில்தான் ஆடியது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். அதற்கு முந்தைய சீசனில் எட்டாம் இடத்தில் முடித்திருந்த அந்த அணியைப் பட்டத்துக்கு உரியதாக அன்று எண்ணியவர்கள் மிகக் குறைவு.

முதலில் விதிகளைப் படியுங்கள்

முதல் ஆட்டத்தின் விசில் ஒலிக்கும் முன்பே நோட்டின் முதல் பக்கம் நிரம்பியிருக்க வேண்டும். எத்தனை அணிகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆட்டங்கள், வெற்றிக்கும் சமநிலைக்கும் எத்தனை புள்ளிகள், இரண்டு அணிகள் சமப் புள்ளியில் முடித்தால் யார் மேலே, கடைசி இடத்துக்கு என்ன கதி என்ற ஐந்து கேள்விகளுக்கும் பதிலை அங்கே எழுதிவிடுங்கள். பெரும்பாலான ரசிகர்கள் நான்காவது கேள்வியை மார்ச் மாதம்தான் கேட்கிறார்கள். அதற்குள் அதன் விடையைத் தீர்மானித்த ஆட்டங்கள் நடந்து முடிந்திருக்கும்.

2018-19 ஐ-லீக்கில் 11 அணிகள் இருந்தன. ஒவ்வொரு அணியும் மற்ற 10 அணிகளுடன் சொந்த மைதானத்தில் ஒருமுறையும் வெளியூரில் ஒருமுறையும் மோதியது. ஆகவே ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள், மொத்தம் 110 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 என்பதால் ஓர் அணி எட்டக்கூடிய உச்சம் 60 புள்ளிகள். அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. ஒற்றைப்படையானால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி ஓய்வில் இருந்தே ஆக வேண்டும். அதனால் சீசனின் நடுவில் எந்த நாளில் பட்டியலைப் பார்த்தாலும் எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்காது. ஒளிபரப்பு வசதிக்காகவும் வானிலைக்காகவும் தள்ளிவைக்கப்படும் ஆட்டங்கள் இந்த ஏற்றத்தாழ்வை இன்னும் பெரிதாக்கும். நாளிதழில் வரும் பட்டியலை அப்படியே நம்பினால், கூடுதலாக இரண்டு ஆட்டங்கள் ஆடிவிட்ட அணியை முன்னணி அணி என்று தவறாக எண்ணிவிடுவோம்.

சமப் புள்ளி விதியில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் முதலில் பார்ப்பது கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வருவது. 2011-12 சீசனில் மான்செஸ்டர் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் 89 புள்ளிகளில் முடித்தபோது சிட்டிக்குப் பட்டம் கிடைத்தது அதன் அடிப்படையில்தான். ஐ-லீக்கில் அப்படியில்லை. இங்கே சமப் புள்ளியில் நிற்கும் அணிகள் தங்களுக்குள் மோதிய ஆட்டங்களின் முடிவையே முதலில் பார்த்தார்கள். பலவீனமான அணி ஒன்றின் மீது ஐந்து கோல் அடிப்பதைவிட, நேர்ப் போட்டியாளரை ஒரு கோல் வித்தியாசத்தில் வெல்வது இந்த விதிப்படி அதிக மதிப்புடையது. இந்த ஒரு வரியை முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

விதிவிலக்குகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தியன் ஆரோஸ் என்பது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இளம் வீரர்களை வளர்ப்பதற்காக நடத்திய அணி. அந்த அணிக்குத் தரமிறக்கம், அதாவது கடைசியில் முடித்தால் கீழ்நிலை லீக்குக்கு இறக்கப்படுவது, கிடையாது. ஆகவே தரமிறக்கப் போராட்டத்தைக் கணக்கிடும்போது அந்த அணியை ஒதுக்கிவிட்டு மற்ற பத்து அணிகளுக்கிடையே கடைசி யார் என்று பார்க்க வேண்டும்.

குறிப்பேட்டின் பக்கம்

ஒவ்வோர் அணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, எதிரணி, சொந்த மைதானமா வெளியூரா, முடிவு, அதுவரை சேர்த்த புள்ளிகள் என்று ஐந்து கட்டங்களை எல்லோரும் போடுவார்கள். ஆறாவதாக ஒரு கட்டம் போடச் சொல்கிறேன்: அதுவரை இழந்த புள்ளிகள். வென்றால் இழப்பு எதுவுமில்லை, சமநிலையில் 2 புள்ளிகள் போயின, தோற்றால் 3 புள்ளிகள் போயின. அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கட்டம் எதற்கு என்று தோன்றலாம். சேர்த்த புள்ளி என்பது ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து வளர்வது. அதனால் குறைவாக ஆடிய அணியை அது எப்போதும் கீழே காட்டும். இழந்த புள்ளிக்கு அந்தக் குறை கிடையாது. ஒருமுறை போனது எத்தனை ஆட்டங்கள் மீதமிருந்தாலும் திரும்பி வராது. இரண்டு அணிகள் வெவ்வேறு எண்ணிக்கையில் ஆடியிருக்கும்போது யார் உண்மையில் முன்னால் இருக்கிறார்கள் என்பதை இந்தக் கட்டம் நேரடியாகச் சொல்லிவிடும். சீசன் முடிவில் சென்னை சிட்டியின் கணக்கு 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி. மூன்று தோல்விகளில் 9, நான்கு சமநிலைகளில் 8, ஆக 17 புள்ளிகள் இழப்பு. ஈஸ்ட் பெங்கால் 13 வெற்றி, 3 சமநிலை, 4 தோல்வி. அவர்களுடைய இழப்பு 12-உம் 6-உம் சேர்ந்து 18. இரண்டு அணிகளும் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை ஒன்றே என்பதைக் கவனியுங்கள். சென்னை சிட்டி எங்கோ ஒரு நாள் தோற்றிருக்க வேண்டிய ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தது, அந்த ஒரு புள்ளிதான் பட்டியலில் தெரியும் வித்தியாசம். இதைக் கண்டவுடன் நமக்கு வரவேண்டிய ஆவல், அந்த நான்கு சமநிலை ஆட்டங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றில் எது பின்தங்கியிருந்து மீட்டது, எது கையிலிருந்து நழுவியது என்று பார்ப்பதுதான். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

கட்டப் பலகை

அணிப் பக்கங்களுக்குப் பிறகு, நடுவில் இரண்டு பக்கங்களை விரித்து ஒரு பெரிய கட்டப் பலகை வரையுங்கள். இடப்புறம் மேலிருந்து கீழாகப் பதினொரு அணிகள், அவை சொந்த மைதானத்தில் ஆடுபவை. மேலே இடமிருந்து வலமாக அதே பதினொரு அணிகள், அவை விருந்தாளிகள். மொத்தம் 121 கட்டங்கள் வரும். ஓர் அணி தன்னோடு தானே மோத முடியாது என்பதால் மூலைவிட்டத்தில் உள்ள 11 கட்டங்களை அடித்துவிட்டால் 110 மிஞ்சும். மேலே போட்ட கணக்கும் அதுதான். ஆட்டம் முடிய முடிய ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வாருங்கள். வெற்றி, சமநிலை, தோல்விக்கு மூன்று வண்ணங்கள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்தப் பலகையைக் கிடைமட்டமாகப் படித்தால் ஓர் அணி தன் ஊரில் எப்படி ஆடுகிறது என்று தெரியும், செங்குத்தாகப் படித்தால் பயணத்தில் எப்படி ஆடுகிறது என்று தெரியும். அந்த ஐ-லீக்கில் இந்த வேறுபாடு மற்ற பல லீக்குகளைவிட ஆழமாக இருந்தது. கோயம்புத்தூரின் வெயிலில் பழகிய அணி ஸ்ரீநகரின் குளிரில் ஆட வேண்டியிருந்தது. கொல்கத்தாவின் பெருங்கூட்டத்துக்கு முன்னால் ஆடியவர்கள் அடுத்து ஐஸ்வாலின் மலையுச்சிக்குப் போக வேண்டியிருந்தது. ரியல் காஷ்மீர் அந்த சீசனில்தான் முதன்முறையாக ஐ-லீக்கில் ஆடியது. அந்த அணியை அதன் சொந்த ஊரில் சந்திப்பது எதிரணிகளுக்கு எளிதாக இருக்கவில்லை.

ஆனால் பலகையில் சொந்த மைதானம் என்று எழுதியிருப்பதெல்லாம் சொந்த மைதானமாக இருந்துவிடுவதில்லை. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதல் நடந்த பிறகு, ஸ்ரீநகரில் நடக்க வேண்டியிருந்த ரியல் காஷ்மீர், ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. அந்த ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. பட்டப் போட்டியில் இருந்த அணி ஒன்று தன் கடினமான பயணங்களுள் ஒன்றை மேற்கொள்ளாமலேயே மூன்று புள்ளிகள் பெற்றது என்பதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டத்தின் மூலையில் ஒரு புள்ளி வைத்து, ஓரத்தில் காரணத்தை எழுதிவிட வேண்டும். பத்தாண்டு கழித்து நோட்டைத் திறக்கும்போது அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், கட்டம் நமக்குத் தவறான கதையைச் சொல்லும்.

எல்லா ஆட்டமும் ஒரே எடை கொண்டதல்ல

பலகை பாதி நிரம்பியதும், முதல் நான்கு இடங்களில் உள்ள அணிகள் தங்களுக்குள் மோதிய கட்டங்களை மட்டும் தனியே எடுத்து ஒரு சிறிய பட்டியல் போடுங்கள். 2018-19-இல் சென்னை சிட்டி ஈஸ்ட் பெங்காலை இருமுறை சந்தித்தது. நவம்பரில் கொல்கத்தாவில் 2-1, ஜனவரியில் கோயம்புத்தூரில் மீண்டும் 2-1 என்று இரண்டிலும் சென்னை சிட்டி வென்றது. இந்த இரண்டு கட்டங்களின் எடையை ஒரு சிறிய சோதனையில் அறியலாம். மற்ற 108 ஆட்டங்களை அப்படியே விட்டுவிட்டு, இந்த இரண்டின் முடிவுகளை மட்டும் திருப்பிப் போடுங்கள். சென்னை சிட்டி 37 புள்ளிக்கு இறங்கும், ஈஸ்ட் பெங்கால் 48-க்கு ஏறும். ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணி பதினொரு புள்ளி முன்னால் போய் நிற்கும். இரண்டையும் சமநிலையாக்கிப் பார்த்தாலும் சென்னை சிட்டி 39, ஈஸ்ட் பெங்கால் 44. ஆக, கடைசி நாளில் வெல்லப்பட்டதாக நாம் நினைவில் வைத்திருக்கும் பட்டத்துக்கு அடித்தளம் நவம்பரிலேயே போடப்பட்டிருந்தது. விதிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிய வரி இங்கேதான் உயிர் பெறுகிறது. இந்த இரண்டு வெற்றிகளால், சமப் புள்ளி வந்தால் சென்னை சிட்டியே மேலே என்பதும் ஜனவரியிலேயே உறுதியாகிவிட்டது.

கோல் கணக்குக்கு ஒரு பக்கம் போதும். அணி அடித்த கோல்களில் ஒரே வீரரின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் மாதம் ஒருமுறை எழுதி வாருங்கள். சென்னை சிட்டி அந்த சீசனில் 48 கோல்கள் அடித்தது; அதில் 21 பெட்ரோ மான்ஸியுடையவை. 2018 அக்டோபர் 26 அன்று நடந்த தொடக்க ஆட்டத்திலேயே அவர் இந்தியன் ஆரோஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார், அணி 4-1 என்று வென்றது. சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாஸாவும் அந்த சீசனில் 21 கோல்கள் அடித்தார், ஆனால் அவருடைய அணி பட்டத்துக்கு அருகில் வரவில்லை. ஒரே அளவு கோல் அடித்த இருவருடைய அணிகளின் நிலை ஏன் வேறுபட்டது என்ற கேள்வியோடு அந்த இரு அணிப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சென்னை சிட்டியில் மான்ஸிக்குப் பின்னால் நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் போன்ற ஸ்பானிய வீரர்களும், எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு வீரர்களும் இருந்தார்கள். கோல் அடித்தவரின் பெயரோடு, பந்தைக் கொண்டு வந்து கொடுத்தவரின் பெயரையும் எழுதும் பழக்கம் இருந்தால்தான் இவர்களுடைய உழைப்பு நம் நோட்டில் ஏறும்.

போன ஆண்டை நம்பி இந்த ஆண்டைப் படிக்காதீர்கள்

முதல் ஐந்து சுற்றுகளில் முடிவு எதையும் எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கட்டத்தில் நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் போன சீசனின் நினைவுகளாகத்தான் இருக்கும். 2016-17-இல் ஐஸ்வால் 37 புள்ளிகளுடன் பட்டம் வென்றது, மோகன் பகான் 36-இல் நின்றது. அடுத்த ஆண்டு மினர்வா பஞ்சாப் 35 புள்ளிகளுடன் வென்றது. அதற்கும் அடுத்த ஆண்டு, நடப்பு வெற்றியாளரான அதே மினர்வா பட்டியலின் கீழ்ப்பகுதியில் திணறியது, முந்தைய ஆண்டு எட்டாவதாக இருந்த சென்னை சிட்டி முதலிடத்துக்கு வந்தது. அதே காலத்தில் நாட்டின் மற்றொரு லீக்கான இந்தியன் சூப்பர் லீக்கில், 2017-18 வெற்றியாளரான ‘சென்னையின் எஃப்சி’ என்ற வேறோர் அணி 2018-19-இல் 9 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்தது. அணிகள் குறுகிய கால ஒப்பந்தங்களில் ஆண்டுதோறும் ஆட்களை மாற்றிக்கொள்ளும் ஒரு நாட்டில், போன ஆண்டின் பெயரும் சீருடையும் மட்டுமே தொடர்கின்றன என்று வைத்துக்கொண்டு படிப்பதே பாதுகாப்பானது.

கடைசிச் சுற்றுகளின் கணக்கு

ஐந்து ஆட்டங்கள் மீதமிருக்கும்போது, வாராந்தர வேலையின் தன்மை மாற வேண்டும். இப்போது ஒவ்வொரு வாரமும் இரண்டாமிடத்து அணி எட்டக்கூடிய உச்சப் புள்ளியைக் கணக்கிடுங்கள். முதலிடத்து அணி இப்போது வைத்திருப்பது அதைத் தாண்டிவிட்டால் பட்டம் முடிவாகிவிட்டது. 2019-20 ஐ-லீக்கில் மோகன் பகான் இப்படித்தான் நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கையிலேயே, 2020 மார்ச் 10 அன்று பட்டத்தை உறுதிசெய்தது. சில நாட்களில் கொரோனாவால் லீக்கே நின்றுபோனாலும், இந்தக் கணக்கின்படி பட்டம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

2018-19 கடைசி நாள் வரை போனது. 2019 மார்ச் 9 அன்று காலை, 19 ஆட்டங்கள் முடிந்த நிலையில் சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. சென்னை சிட்டி கோயம்புத்தூரில் மினர்வாவுடனும், ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடனும் ஒரே நேரத்தில் ஆடின. இப்படிப்பட்ட நாளில் ஒரு பக்கத்தில் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டங்கள் வரைந்துகொள்ள வேண்டும். சென்னை சிட்டி வென்றால் 43. மறுபுறம் என்ன நடந்தாலும் பட்டம் அவர்களுக்கே, ஆக மூன்று கட்டங்கள் நிரம்பின. சமநிலையில் முடித்தால் 41. அப்போது ஈஸ்ட் பெங்கால் வென்றால் மட்டுமே 42-க்குப் போய் முந்தும். சென்னை சிட்டி தோற்றால் 40-லேயே நிற்கும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் பட்டம் அவர்களுக்கு, சமநிலையானால் இருவரும் 40, நேருக்கு நேர் முடிவுகளின்படி சென்னை சிட்டி மேலே. ஒன்பதில் ஏழு கட்டங்கள் சென்னை சிட்டியின் பக்கம். இந்த எண்ணிக்கையை வாய்ப்பின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈஸ்ட் பெங்கால் வெல்வது மிகவும் எதிர்பார்க்கத்தக்கது என்பதால், அவர்களுக்கு உரிய இரண்டு கட்டங்களும் மற்றவற்றைவிடக் கனமானவை. கட்டங்கள் நமக்குச் சொல்வது எந்த முடிவைத் தேடிக் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத்தான்.

ஆட்டம் தொடங்கியதும் இரண்டு பத்திகள் போட்டு, ஒன்றில் கோயம்புத்தூர், மற்றதில் கோழிக்கோடு என்று எழுதி, ஒவ்வொரு கோலுக்கும் அந்த நொடியில் பட்டம் யாரிடம் இருக்கிறது என்று குறித்து வாருங்கள். அன்று கோயம்புத்தூரில் முதல் சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. கோழிக்கோட்டில் கோல் எதுவுமில்லை. இடைவேளையின்போது சென்னை சிட்டி பின்தங்கியிருந்தது, ஆனாலும் நோட்டின்படி பட்டம் அவர்களிடம்தான் இருந்தது. இருவரும் 40, நவம்பரிலும் ஜனவரியிலும் வென்ற அந்த இரண்டு ஆட்டங்கள்தான் அந்த நாற்பத்தைந்து நிமிடம் முழுவதும் அணியைத் தாங்கிப் பிடித்திருந்தன. ஸ்டேடியத்தில் இருந்த பெருங்கூட்டத்தில் இதை உணர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது, ஆனால் அந்தப் பக்கத்தை முன்னால் வைத்திருந்தவருக்கு அந்த இடைவேளை வேறு விதமாகக் கழிந்திருக்கும். இடைவேளைக்குப் பிறகு மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். தற்காப்பு வீரரான கௌரவ் போரா இரண்டாவது கோலை அடித்து அணியை முன்னிலைக்குக் கொண்டுபோனார். கோழிக்கோட்டில் பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால் கடைசிக் கட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்து 2-1 என்று வென்றது. அந்த வெற்றியோடு, கோயம்புத்தூரில் ஒரே ஒரு கோலை மினர்வா திருப்பியிருந்தால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். கூடுதல் நேரத்தில் போரா மீண்டும் அடித்தார். 3-1.

பிளே-ஆஃப் உள்ள லீக்கானால்

2018-19 இந்தியன் சூப்பர் லீக் போன்று, லீக் கட்டத்துக்குப் பிறகு அரையிறுதியும் இறுதியும் உள்ள தொடரைப் படிக்க அதே நோட்டு போதும், ஆனால் பட்டியலில் நாம் கவனிக்கும் எல்லைக்கோட்டை முதலிடத்துக்குக் கீழே போடாமல் கடைசியாகத் தகுதி பெறும் இடத்துக்குக் கீழே போட வேண்டும். இழந்த புள்ளிக் கணக்கை அந்த இடத்தை ஒட்டியுள்ள அணிகளுக்கு மட்டும் கவனமாக எழுதினால் போதும். 2018-19 இந்தியன் சூப்பர் லீக்கில் பெங்களூருவும் கோவாவும் 34 புள்ளிகளில் முடித்தன. கோவாவின் கோல் வித்தியாசம் மேலாக இருந்தும், நேருக்கு நேர் ஆட்டங்களின் அடிப்படையில் பெங்களூரு முதலிடம் பெற்றது. இறுதி ஆட்டத்தில் சந்தித்தவையும் அதே இரண்டு அணிகள்தான், அதையும் பெங்களூருவே வென்றது. அப்போது லீக் கட்டத்தில் முதலிடம் பிடிப்பதற்குத் தனிக் கேடயம் இல்லை. அடுத்த சீசனில்தான் அது வந்தது. அதனால் பழைய சீசன்களையும் அதற்குப் பிந்தையவற்றையும் ஒரே நோட்டில் எழுதுகிறவர்கள், ஒவ்வொரு சீசனின் விதிப் பக்கத்தையும் தனித்தனியே புதிதாக எழுத வேண்டும்.

சீசன் முடிந்த வாரத்தில் இன்னும் ஒரு வேலை உண்டு. ஒவ்வோர் அணிப் பக்கத்தின் அடியிலும், அந்த அணியிலிருந்து யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்பதற்கு நான்கு வரி இடம் விட்டு வையுங்கள். மாற்றச் செய்திகள் வர வர நிரப்பலாம். சென்னை சிட்டியின் பக்கத்தில் அந்த இடத்தில், மான்ஸி அடுத்த சீசனின் நடுவில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குச் சென்றார் என்று எழுத வேண்டியிருக்கும். 48-இல் 21 என்ற எண்ணுக்கு நேர் கீழே அந்த வரி வருமாறு இடம் விடுங்கள்.